குடத்துத் தண்ணீரும் டெங்குவும்



கொசு என்றதும் நமக்குச் சாக்கடைதான் ஞாபகம் வரும். ஆனால் டெங்கு, சிக்குன்குனியா என்ற இரு வைரஸ் நோய்களையும் பரப்பும் ‘ஏடிஸ் எஜிப்டி’ கொசு, நாம் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். கடிப்பதும் பகலில்தான்.

சிக்குன்குனியா 1964இல் சென்னையிலும் வேலூரிலும் பரவியது. 1973க்குப் பிறகு நாட்டில் 30 ஆண்டுகளுக்கு மேல் சத்தமில்லாமல் இருந்துவிட்டு, 2006இல் தமிழ்நாட்டில் ஜனங்களை மூட்டு வலியில் முடக்கிப் போட்டது. டெங்கு அதைவிடப் பொல்லாதது. 2012இல் தமிழ்நாட்டில் 12 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு வந்து 66 பேர் இறந்தார்கள். 2017இல் எண்ணிக்கை 23 ஆயிரத்தைத் தாண்டியது.

நம் புதுக்கோட்டை மாவட்டம் வானம் பார்த்த பூமி. மழையே இல்லாத ஊரில் கொசு ஏது என்று கேட்கலாம். குழாயில் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவை வந்தால் குடம், அண்டா, டிரம், சிமெண்ட் தொட்டி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைக்கத்தானே செய்வார்கள்? முட்டை கொசுவாகிப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். ‘வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டிக் கழுவவும்’ என்ற நோட்டீசை வீட்டில் படித்துக் காட்டினேன். எங்க வீட்டில் டிப்ளமோ வரை வந்த முதல் ஆள் நான்தான். அம்மா கேட்டார்: “அடுத்த தண்ணி எப்ப வரும்னு அதுல போட்டிருக்காடா?”

நியாயமான கேள்வி. கொட்ட முடியாதவர்கள் பழைய வேட்டித் துணியால் பாத்திரத்தின் வாயை இடைவெளி இல்லாமல் இழுத்துக் கட்டலாம். காலியாகும் அன்று சும்மா கவிழ்த்தால் போதாது. முட்டைகள் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும். காய்ந்தாலும் பல மாதம் சாகாது, மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிந்துவிடும். தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்க்கணும்.

சிவில் படிக்கிற நமக்கு இன்னொன்று. கான்கிரீட்டுக்கு 7 நாளுக்குக் குறையாமல் கியூரிங் செய்யணும் என்று படிக்கிறோம். கொசுவுக்கும் அதே 7 நாள்தான் கணக்கு! பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவதற்குப் பதில் ஈரச்சாக்கு போட்டு நனைத்து வந்தால் இரண்டு வேலையும் முடியும்.

காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், புரூஃபன் மாதிரி வலி மாத்திரைகளைக் கடையில் கேட்டு வாங்கிப் போடக் கூடாது, ரத்தக்கசிவை அதிகமாக்கும். காய்ச்சல் விட்டதும் ‘சரியாப் போச்சு’ என்று வகுப்புக்கு வந்துவிடுகிறோம். டெங்குவில் ஆபத்தே அந்த 1, 2 நாளில்தான். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் இறங்கலாம். கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், எழ முடியாத அசதி, இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள், பரீட்சை நாளாக இருந்தாலும் சரி.