புதுவையின் துறப்பாளரும் பொது உரிமையியல் சட்ட விவாதமும்

சட்டம் வழக்கறிஞர்க்கும் நீதிபதிக்கும் உரியது. தமிழ் பயில்வோர்க்கு அதில் என்ன பணி எனக் கேட்போர் உளர். நம் மொழியில் மக்கள் பேசும் முறைக்கும் வழக்கு என்றே பெயர். நீதிமன்றம் ஏறும் பிணக்கிற்கும் வழக்கு என்றே பெயர். உலக வழக்கே இலக்கணத்திற்கு அடிப்படையாவது போல, மக்கள் வாழும் வழக்கே நெடுங்காலம் சட்டத்திற்கும் அடிப்படையாய் இருந்தது. எனவே ஒரு தமிழாசிரியன் சட்டம் பற்றி எழுதுவதை அறிஞர் பெருமக்கள் பொறுத்தருள்வர் என நம்புகிறேன்.

நாட்டில் அனைவர்க்கும் ஒரே உரிமையியல் சட்டம் வேண்டுமா என்பது நெடுநாளைய வினா. அரசியலமைப்பின் 44ஆம் பிரிவு அதனை அரசு முயலவேண்டிய நெறிகளுள் ஒன்றாகக் கூறுகிறது. 1985இல் ஷா பானு வழக்கின் தீர்ப்பு இவ்வினாவை வீதிக்குக் கொணர்ந்தது. 2018இல் 21ஆவது சட்ட ஆணையம், இந்நிலையில் அத்தகைய சட்டம் தேவையும் அன்று, விரும்பத்தக்கதும் அன்று எனக் கருத்துரைத்தது. உத்தரகண்ட் மாநிலமோ 2024இல் ஒரு சட்டம் இயற்றி, 2025 சனவரியில் நடைமுறைப்படுத்தியது. பழங்குடியினர்க்கு அதில் விலக்கு உண்டு.

இவ்விவாதத்தில் சட்ட அறிஞர்கள் தவறாது எடுத்துக்காட்டுவது கோவாவை. 1867ஆம் ஆண்டின் போர்த்துகீசிய உரிமையியல் சட்டம் அங்கு இன்றும் பெரும்பாலும் நிலவுகிறது. 2019இல் உச்சநீதிமன்றம் அதனைப் போற்றியும் உரைத்தது. (குறிப்பிட்ட சில நிலைகளில் இந்து ஆடவர்க்கு இரண்டாம் மணத்திற்கு இடம்தரும் பழைய விலக்கு அங்கும் ஏட்டில் உண்டு என்பதைப் போற்றுவோர் பலர் மறந்துவிடுகின்றனர்.) ஆயின், பிரெஞ்சியர் ஆண்ட நம் புதுவையை எடுத்துக்காட்டுவோர் அரியர். கோவாவினும் நுட்பமான பாடம் இங்கேதான் உள்ளது என்பது என் கருத்து.

1819 சனவரி 6ஆம் நாள் ஆணை பிரெஞ்சுச் சட்டத் தொகுப்புகளை இங்கு நடைமுறைப்படுத்தியது. அவ்வாணையே, கிறித்தவர், மூர்கள், இந்துக்கள் ஆகிய இந்தியர் தத்தம் சமூகச் சட்டப்படியும் வழக்கப்படியும் நீதி பெறுவர் எனவும் உறுதி கூறியது. மூர்கள் எனப்பட்டோர் நம் முன்னோரே. வழக்கம் யாது என்பதைப் பிரெஞ்சு நீதிபதி எவ்வாறு அறிவார்? அதற்காக 1827இல் ஆளுநர் ரிஷ்மோன் காலத்தில் இந்தியச் சட்ட ஆலோசனைக் குழு அமைக்கப்பட்டது. உள்ளூர்ப் பெரியோர் ஒன்பதின்மர் அதன் உறுப்பினர். நீதிமன்றம் வினவும், குழு விடை கூறும். தந்தையே சொத்தின் முழு உரிமையாளர், மகனுக்குப் பிறப்பால் உரிமை தோன்றாது என்பது போன்று, சென்னை மாகாண நீதிமன்றங்கள் கொண்ட கொள்கைக்கு மாறான புதுவை இந்துக்களின் வழக்கம் ஆவணமாயிற்று. லெயோன் சோர்க் என்னும் நீதிபதி 1897இல் இக்குழுவின் கருத்துரைகளைத் தொகுத்து நூலாக்கினார். சொன்னவர் தமிழர், சொல்லப்பட்டது தமிழர் வாழ்க்கை, நூலோ பிரெஞ்சில்.

இனி 1881க்கு வருவோம். அவ்வாண்டு செப்டம்பர் 21ஆம் நாள் ஆணை, 21 அகவை நிரம்பிய ஆணோ பெண்ணோ தம் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம் என அறிவித்தது. மதம் மாற வேண்டுவதில்லை. ஒரு குடும்பப்பெயரைச் சூடி, அலுவலர் முன் அறிவித்தால் போதும். இவ்வாறு துறந்தோரே பிரெஞ்சில் 'ரெனோன்சான்' எனப்பட்டனர், துறப்பாளர் எனலாம். முதலில் துறந்தோருள் ஒருவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பி. 1873இல் ஐரோப்பியர் போலக் காலணி அணிந்து நீதிமன்றம் புகுந்தமைக்காகத் தண்டிக்கப்பெற்று, பாரிசின் உச்சநீதிமன்றம் வரை சென்று வென்றவர் அவர். அவர் சூடிய பெயர் லபோர்த். அதன் பொருள் வாயில் என்பது. பெயர் சூட்டுவதிலும் கவிதை உண்டு போலும்.

இவ்வாயிலில் நுழைந்தோர் பலர்க்கு அது சாதித் தளையினின்று விடுதலையாயிற்று. சைகோனுக்குச் சென்ற துறப்பாளர் ஐரோப்பியர்க்கு நிகரான பதவியும் ஊதியமும் கோரினர்; இதனை நத்தாஷா பைரோதோ 2016இல் வெளியிட்ட ஆய்வுநூல் விரிவாகக் காட்டுகிறது. மறுபுறம் சண்முக வேலாயுத முதலியார் தலைமையில் மரபைக் காக்கும் அணி திரண்டது. முஸ்லிம்களுள் துறந்தோர் மிகச் சிலரே.

இங்கு நுணுகி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. நுழைவது விருப்பம், ஆனால் திரும்ப வழியில்லை. துறப்பு இறுதியானது, மீட்க இயலாதது என ஆணையே கூறிற்று. கணவன் துறந்தால் மனைவியும் இளம் பிள்ளைகளும் உடன் கட்டுண்டனர். எனவே 'விரும்பியோர்க்குப் பொதுச்சட்டம்' என்று இன்று மொழிவோர், யார் விரும்பினால் யார் கட்டுப்படுவர் என்பதையும் விடுவிக்க வேண்டும்.

பின் நிகழ்ந்தது இன்னும் விந்தை. 1954 நவம்பர் 1இல் ஆட்சியும், 1962 ஆகஸ்டு 16இல் சட்டப்படியான உரிமையும் இந்தியாவிற்கு மாறின. 1963, 1968ஆம் ஆண்டுகளில் இந்தியச் சட்டங்கள் பல இங்கு நீட்டிக்கப்பெற்றன. இந்துத் திருமணச் சட்டத்தையும் 1937ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டத்தையும் கொணர்ந்தபோது, துறப்பாளர்க்கு இவை பொருந்தா என்றும் சேர்க்கப்பட்டது. ஆதலின் இந்தியக் குடிமக்களாகவே தங்கிவிட்ட துறப்பாளர் பழைய பிரெஞ்சுச் சட்டத்தின்கீழ் நின்றனர். பிரான்சோ 1965இல் கணவன் மனைவி சொத்து முறையையும், 1970இல் தந்தையின் தனியதிகாரத்தையும், 1975இல் மணமுறிவு விதிகளையும் திருத்திக்கொண்டது. அத்திருத்தங்கள் கடல் கடந்து இங்கு வரவில்லை. தாய் நாடு கைவிட்ட சட்டம் சேய் மண்ணில் உறைந்துவிட்டது. நீதியரசர் தாவீது அன்னுசாமி 2005இல் பிரெஞ்சில் வெளியிட்ட நூல், பிரெஞ்சியர் வருகையால் இம்மண்ணின் சட்டத்தில் விளைந்த மாற்றங்களை ஆராய்கிறது. சட்ட மாணவர் ஒவ்வொருவரும் பயில வேண்டியது அது.

ஒரே நகரில் அருகருகே வாழ்ந்த சட்டங்களை ஒப்பிட்டால் பல முன்முடிவுகள் தளர்கின்றன. இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதுவோர் தம் சொத்து முழுவதையும் அயலார்க்கே அளித்துவிடலாம். ஷரீஅத் அதனை ஏற்பதில்லை; வசிய்யத் மூன்றில் ஒரு பங்கிற்கு மேற்படின் வாரிசுகள் இசைய வேண்டும். பிரெஞ்சுச் சட்டமும் ஏற்பதில்லை. ஒரு பிள்ளை இருப்பின் பாதி, இரு பிள்ளைகள் எனில் மூன்றிலொன்று, மூவரோ மேலோ எனில் நான்கிலொன்றே உயிலுக்கு உரியது. மக்களைப் பாதுகாப்பதில் இவ்விரண்டும் நெருங்கிய உறவினர்.

மகள் பங்கில் இவை பிரிகின்றன. பிரெஞ்சுச் சட்டம் சமபங்கு தருகிறது. பராயிள் முறையில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. இதனை மறைத்துப் பேசுதல் ஆய்வு நேர்மை ஆகாது. அதுபோலவே, 1804இல் வெளியான பிரெஞ்சுச் சட்டத்தில் கணவனை இழந்தவள் வாரிசு வரிசையில் இரத்த உறவினர்க்கெல்லாம் பின்னால் நின்றாள் என்பதையும் மறைத்தலாகாது. 1891இல்தான் பிரான்சு அவளுக்குத் துய்ப்புரிமை அளித்தது. ஷரீஅத்திலோ பிள்ளைகள் இருப்பினும் மனைவிக்கு எட்டிலொரு பங்கு உறுதி. மணவாழ்வின் பொதுச்சொத்தில் பிரெஞ்சு மனைவிக்குப் பாதி உண்டே எனச் சட்டம் அறிந்தோர் மறுமொழி கூறுவர், அதுவும் உண்மையே. ஒரு விதியை மட்டும் பிடுங்கியெடுத்து எடைபோடுதல் ஆகாது.

நம் துறைக்குரிய செய்திக்கு வருகிறேன். முல்லா வீதியில் எங்கள் பூர்வீக இல்லத்தின் பத்திரம் ஒன்று தகரப் பெட்டியில் நெடுநாள் கிடந்தது. நொத்தேர் எழுதிய பிரெஞ்சு ஆவணம். தமிழில் எம்.பில். பட்டம் பெற்ற எனக்கு அதில் ஒரு வரியும் விளங்கவில்லை. சொல்தாவாக இருந்து ஓய்வூதியம் பெறும் முதியவர் ஒருவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்துக் காட்டினார். மூர் வழக்கப்படி பாகம் பிரிக்கப்பட்டது என்று இருந்தது. ஆண்மக்கள் இருவர்க்கும் என் பாட்டிக்கும் உரிய பங்குகள் வரிசையாய் எழுதப்பட்டிருந்தன. அடியில் பாட்டியின் கையொப்பம், அறபுத் தமிழில். தாம் ஒப்பமிட்டதன் ஒரு சொல்லும் பாட்டியார் அறியார்; ஆயினும் பங்கு சரியாகவே வந்து சேர்ந்திருந்தது.

அந்த முதியவரைப் போல் படித்துச் சொல்வோர் ஆண்டுதோறும் குறைகின்றனர். குழுவின் கருத்துரைகளைத் தமிழாக்குவதும், பங்கு, பாகம், சீர், மஹர் முதலிய சொற்களுக்கு நொத்தேர்கள் ஆண்ட பிரெஞ்சுச் சொற்களை அகராதியாக்குவதும் பிஎச்.டி. ஆய்வுகளுக்குரிய நல்ல தலைப்புகள். இம்மலரைக் காணும் பெரியோர் தம் இல்லங்களில் இத்தகைய பத்திரங்கள் இருப்பின் துறைக்குக் கொணர்ந்து காட்டுமாறு வேண்டுகிறேன். படியெடுத்துக்கொண்டு மூலத்தை அன்றே திருப்பித் தருவோம்.