வெளியூரில் எடுத்த மதிப்பெண்

அன்புத் தங்கைக்கு,

ஜனவரியில் உன் முதல் கல்லூரி ஜிம்னாஸ்டிக்ஸ் சீசன் தொடங்குகிறது. பீமில் மூச்சை எங்கே விட வேண்டும், வால்ட்டில் கை எங்கே பதிய வேண்டும் என்பதையெல்லாம் உன் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். அவருக்கு உட்கார்ந்து விளக்க நேரம் கிடைக்காத ஒன்றைப் பற்றித்தான் எழுதுகிறேன். வாராவாரம் திங்கட்கிழமை அணிகளின் தரவரிசைப் பட்டியல் வரும். உன் அணித்தோழிகள் எல்லோரும் போனைத் திறந்து அதைப் பார்ப்பார்கள். அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால், நீ பயிற்சிக்கூடத்தில் எதற்கு உழைக்க வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும்.

கிளப்பில் லெவல் 10 ஆடியபோது உன் பதக்கம் உன்னுடையது. இங்கே அப்படி இல்லை. ஒவ்வொரு கருவியிலும் ஆறு பேர் ஆடுவீர்கள், ஐந்து பேரின் மதிப்பெண் சேரும். நான்கு கருவிகளுக்கு 20 ரொட்டீன்கள், மொத்தம் 200 புள்ளி. அமெரிக்காவின் மற்ற பல கல்லூரி விளையாட்டுகளில் தங்கள் கல்லூரிக் கூட்டமைப்பின் (கான்ஃபரன்ஸ்) பட்டத்தை வென்றால் தேசியப் போட்டிக்கு நேராகச் சீட்டு கிடைக்கும். மகளிர் ஜிம்னாஸ்டிக்ஸில் கிடைக்காது. யாரை ஜெயித்தாய், யாரிடம் தோற்றாய் என்பதும் தரவரிசைக்குத் தேவையில்லை. எத்தனை புள்ளி எடுத்தாய் என்பது ஒன்றுதான் கணக்கு. அந்தக் கணக்கில் முதல் 36 இடத்துக்குள் வரும் அணிகள் மட்டுமே மண்டலப் போட்டிக்குப் போகும்.

கணக்கு இதுதான். அணியின் சிறந்த ஆறு ஸ்கோர்களை எடுக்கிறார்கள். அவற்றில் குறைந்தது மூன்று வெளியூரில் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆறில் மிக உயர்ந்ததைத் தள்ளிவிட்டு மீதி ஐந்துக்குச் சராசரி போடுகிறார்கள். இந்தச் சராசரியை முன்பு ஆர்.க்யூ.எஸ். (மண்டலத் தகுதி ஸ்கோர்) என்றார்கள், இப்போது என்.க்யூ.எஸ். (தேசியத் தகுதி ஸ்கோர்) என்கிறார்கள். சீசனின் ஆரம்ப வாரங்களில் இந்தக் கணக்குக்கு வேண்டிய அளவு போட்டிகள் நடந்திருக்காது. அதனால் அதுவரை எல்லா ஸ்கோர்களின் சராசரியை வைத்தே வரிசை போடுவார்கள். பாதிக்கு மேல் போன பிறகுதான் உண்மையான எண் வெளியே வரும். ஜனவரிப் பட்டியலைப் பார்த்து அழுகிறவர்களையும் கூத்தாடுகிறவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டுமே வீண்.

ஒரு அணியை வைத்துப் பார்ப்போம். சொந்த அரங்கில் அது எடுத்தவை 197.900, 197.600, 197.300. வெளியூரில் எடுத்தவை 196.900, 196.700, 196.500. உயர்ந்த 197.900 போய்விடும். மீதி ஐந்தின் சராசரி 197.000. இப்போது சொந்த அரங்கின் அந்த 197.900-ஐ 198.400 ஆக மாற்று. ரசிகர்கள் கூரை அதிரக் கத்தியிருப்பார்கள், படங்கள் எங்கும் பரவியிருக்கும். சராசரி அதே 197.000 தான், ஏனென்றால் தள்ளப்படுவது அதுவேதான். அதை விட்டுவிட்டு, வெளியூரின் 196.500-ஐ மட்டும் 197.000 ஆக்கு. சராசரி 197.100 ஆகிவிடும். பட்டியலின் நடுப்பகுதியில் அந்த 0.1 இரண்டு மூன்று இடங்களை ஏற்றிவிடக்கூடியது. 16-ஆம் இடத்துக்கும் 17-ஆம் இடத்துக்கும் நடுவே கோடு விழுவதால் அது சிறிய விஷயம் இல்லை. முதல் 16 அணிகளுக்கு விதை எண் (சீடிங்) கொடுத்து, நான்கு மண்டலங்களுக்கும் நான்கு நான்காகப் பிரித்து வைக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே நின்றால் இப்படிப் பிரித்து வைக்கும் பாதுகாப்பு இல்லை.

196.500-ஐ 197.000 ஆக்கும் அந்த அரைப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கேட்பாய். சாதாரணப் போட்டியில் ஒரு கருவிக்கு இரண்டு நடுவர்கள். லேண்டிங்கில் உன் குதிகால் ஒரு அங்குலம் நகர்கிறது. பக்கவாட்டில் இருக்கும் நடுவர் அதைப் பார்த்து 0.05 கழிக்கிறார். எதிரே இருப்பவர் உன் நெஞ்சையும் கையையும் பார்த்துக்கொண்டிருந்ததால் கழிக்கவில்லை. ஒருவர் 9.900, மற்றவர் 9.950, உனக்கு 9.925. நீ இழந்தது 0.025. இருபது ரொட்டீன்களிலும் இப்படி ஒரு அங்குலம் நகர்ந்தால் மொத்தம் 0.500. யாரும் பீமிலிருந்து விழவில்லை, யாரும் தப்பு செய்ததாகவே தெரியாது, அரைப் புள்ளி போயிருக்கும். நடுவர் மேசையில் பல சீசன்கள் உட்கார்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அணிகள் கீழே இறங்குவது பெரும்பாலும் விழுவதால் அல்ல, இந்த அங்குலங்களால்தான். பழக்கமில்லாத அரங்கம், கொஞ்சம் வேறு மாதிரி எதிர்க்கும் ஃப்ளோர், சில நிமிட வார்ம்-அப், நேற்று இரவு ஓட்டல் தூக்கம். குதிகால் நகர்வது அங்கேதான்.

ஆகவே என் புத்திமதி இது. உன்னிடம் இரண்டு டிஸ்மவுன்ட் இருந்தால், சொந்த அரங்கில் கைதட்டல் வாங்குவதை அல்ல, பஸ்ஸில் ஆறு மணி நேரம் வந்து இறங்கிய பிறகும் ஒட்டி நிற்கக்கூடியதை ரொட்டீனில் வை. கடினமானதைச் செய்யாதே என்று சொல்லவில்லை. வால்ட்டில் யுர்ச்சென்கோ ஃபுல்லின் ஆரம்ப மதிப்பை 2016-இல் 10.0-இலிருந்து 9.95-க்குக் குறைத்தபோது, இன்னும் கடினமானதற்கு முயல வேண்டிய கட்டாயம் வந்தது. எல்லோரும் ஒரே வால்ட்டைக் குதித்துக்கொண்டிருந்த காலத்தில் அது நல்ல மாற்றம். ஆனால் கடினமான வால்ட்டில் பெரிய அடி வைத்து இறங்கினால், அந்த 0.05-ஐவிட அதிகமாகவே இழப்பாய். உன் பயிற்சியாளரோடு உட்கார்ந்து இந்தக் கூட்டல் கழித்தலைப் போட்டுப் பார்.

சீசன் முடிந்து மண்டலப் போட்டி தொடங்கியதும் விதிகள் அடியோடு மாறிவிடும். 2018 வரை ஆறு மண்டலங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு அணிகள், ஒரே ஒரு நாள். ஒவ்வொரு மண்டலத்திலிருந்தும் இரண்டு அணிகள் தேசியப் போட்டிக்கு வரும். இறுதியில் ‘சூப்பர் சிக்ஸ்’ என்று ஆறு அணிகள். நான்கு கருவி, ஆறு அணி என்பதால் எப்போதும் இரண்டு அணிகள் சும்மா உட்கார்ந்திருக்கும். 1993-இலிருந்து இப்படித்தான். அதன் கடைசி ஆண்டில் யு.சி.எல்.ஏ.வின் பெங் பெங் லீ, அணியின் கடைசி ஆளாகப் பீமில் ஏறி 10 எடுத்தார். யு.சி.எல்.ஏ. 198.075, ஓக்லஹோமா 198.0375. அந்த இரவை நேசிப்பவர்கள் இன்றும் பழைய முறைக்காக ஏங்குகிறார்கள். அந்த ஏக்கம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் நான் புதிய முறையின் பக்கம்தான்.

2019-இலிருந்து மண்டலங்கள் நான்கு, ஒவ்வொன்றிலும் ஒன்பது அணிகள். கீழே உள்ள இரண்டு அணிகள் முதலில் மோதும், வென்றது மற்ற ஏழோடு சேரும். எட்டு அணிகள் நாலாகும், நாலு இரண்டாகும். தேசியப் போட்டிக்கு 12-க்குப் பதில் 8 அணிகள், இறுதியில் நான்கே அணிகள். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, பார்ப்பவருக்கும் யார் முன்னே இருக்கிறார்கள் என்று அந்தந்த நிமிடத்திலேயே தெரியும். ஒரு மண்டல வாரத்திலேயே இரண்டு இரவுகள் ஆட வேண்டும், கீழே இருந்து வரும் அணி மூன்று முறை. ஒவ்வொரு முறையும் பலகை பூஜ்யத்திலிருந்து தொடங்கும். மூன்று மாதம் பாடுபட்டுச் சேர்த்த சராசரி வாசல் வரைதான் கூட வரும்.

2024-இல் ஓக்லஹோமா தரவரிசையில் முதல் அணி. அந்த சீசனில் 198.950 எடுத்து வரலாறு படைத்தவர்கள். அரையிறுதியில் வால்ட்டில் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் தடுமாற, வெளியேறினார்கள். கோப்பை எல்.எஸ்.யு. (லூசியானா ஸ்டேட்) அணிக்குப் போனது, அது அவர்களுடைய முதல் கோப்பை. அடுத்த ஆண்டு எல்.எஸ்.யு. முதல் விதை அணி. அவர்களும் அரையிறுதியோடு நின்றார்கள், ஓக்லஹோமா 198.0125 எடுத்து ஜெயித்தது. இதைப் பார்த்துத் தரவரிசையே பொய் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஏற்கமாட்டேன். அந்த இரண்டு அணிகளும் சீசன் முழுக்க நாட்டிலேயே சிறந்தவைதான். ஒரு இரவில் ஒரு கருவியில் இரண்டு பேர் விழுந்தால் அதைக் காப்பாற்ற எந்தச் சராசரியாலும் முடியாது, காப்பாற்றவும் கூடாது.

இப்போதைய முறையில் எனக்குள்ள ஒரே மனத்தாங்கலையும் சொல்லிவிடுகிறேன். தேசியப் போட்டியில் ஒரு கருவிக்கு ஆறு நடுவர்கள். உயர்ந்ததையும் தாழ்ந்ததையும் நீக்கி நடுவில் உள்ளதற்குச் சராசரி போடுகிறார்கள். 198.0125 போன்ற எண் அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் அங்கே போகத் தகுதி தருகிற சீசன் ஸ்கோர்களைப் பெரும்பாலும் இரண்டே நடுவர்கள் முடிவு செய்கிறார்கள். சொந்த அரங்கின் தாராளம் தரவரிசைக்குள் நுழையாமல் இருக்கத்தான் வெளியூர் மூன்றும், உச்ச ஸ்கோரைத் தள்ளுவதும். இரண்டும் நியாயமான தடுப்புகள். ஆனால் வெளியூரிலும் தாராளமான அரங்கம் உண்டு, கஞ்சத்தனமான அரங்கம் உண்டு. உன் அணியின் மூன்று வெளியூர் ஸ்கோர்கள் எந்த அரங்குகளில் விழுகின்றன என்பது அட்டவணை போடுகிறவர் கையில் இருக்கிறது. சீசன் முழுக்க நான்கு நடுவர்களை அமர்த்தினால் இதில் பாதி சரியாகும். செலவு அதிகம் என்கிறார்கள். பத்துகளை அள்ளித் தருகிறார்கள் என்று ரசிகர்கள் வருத்தப்படும் ஒவ்வொரு ஆண்டும் அந்தச் செலவு எனக்குச் சிறியதாகவே தெரிகிறது.

முதல் ஆண்டில் உன்னை லைன்-அப்பில் முதல் ஆளாகவோ, ஆறில் ஒருத்தியாகப் பேருக்காகவோ போடுவார்கள். உன் 9.750 பலமுறை சேராமல் போகும். மனம் நோகாதே. உனக்குப் பின்னால் வருகிறவள் விழும் அன்று, 9.200-க்குப் பதில் உன் 9.750 நிற்கும். அந்த ஒரு இரவு வெளியூரில் நடந்தால், உன் அணியின் அந்த ஐந்து எண்களில் ஒன்று உன்னால் நிற்கிறது என்று அர்த்தம். பட்டியலில் உன் பெயர் வராது. உன் பயிற்சியாளருக்குத் தெரியும்.

இந்த வாரமே அவரிடம் போய் சீசன் அட்டவணையைக் கேட்டு வாங்கு. வெளியூர்ப் போட்டிகளை வட்டமிடு. அந்தத் தேதிகளுக்கு முந்தைய வாரம் தினமும், வார்ம்-அப் குறைத்து, உன் முறை வரும்வரை இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்துவிட்டு, நேராக எழுந்து பீமில் முழு ரொட்டீன் செய்து பழகு. அணித்தோழி ஒருத்தியைப் பக்கவாட்டில் நிறுத்தி உன் குதிகாலைப் பார்க்கச் சொல்.

அன்புடன்,
உன் அக்கா