பயிர்ப் பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்கும் முறை

பயிரைத் தின்னும் பூச்சி இன்னதென்று தெளிந்த பிறகே அதற்குப் பரிகாரம் தேடுதல் முறையாகும். பூச்சியை அறியாமல் மருந்து தெளிப்பவர்கள் பணத்தையும் உழைப்பையும் வீணாக்குவதோடு, தமக்கு உதவி புரியும் ஜீவன்களையும் அழித்து விடுகின்றனர். விவசாய அதிகாரி ஒவ்வொரு வயலுக்கும் அன்றன்றே வந்து பார்த்தல் இயலாத காரியம். ஆனால் இக்காலத்தில் கிராமங்களிலும் பெரும்பாலான குடும்பங்களில் காமிரா அமைந்த கைப்பேசி இருக்கின்றது. அதைக்கொண்டு சிறு பூச்சியை நெருங்கிப் படமெடுக்கக் கற்றுக்கொண்டால், வயலுக்கு வராமலே அதிகாரி அதைப் பார்த்து ஆலோசனை கூறுதல் பல சமயங்களில் கூடும். புதிதாகப் பழகுவோருக்கு வேண்டிய விஷயங்கள் கீழே கூறப்படுகின்றன.

படத்தில் தெரிய வேண்டியவை

பூச்சியின் அடையாளம் தெரியாத படத்தால் பிரயோஜனமில்லை. உதாரணமாக, 2018 ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் முதலில் காணப்பட்டு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டு மக்காச்சோளத்தையும் தாக்கிய படைப்புழுவை எடுத்துக்கொள்வோம். வளர்ந்த புழுவின் தலையில், தலைகீழாக எழுதிய ஆங்கில 'ஒய்' எழுத்தைப்போன்ற வெளிறிய கோடு இருக்கும். உடலின் பின்கோடிக்கு அருகில் நான்கு கரும்புள்ளிகள் சதுரமாக அமைந்திருக்கும். ஆகையால் இதனைத் தலைப்பக்கம் ஒன்றும், மேலிருந்து முதுகு முழுவதும் ஒன்றுமாக இரு படங்கள் எடுத்தல் அவசியம். இளம் புழுக்களில் இக்குறிகள் தெளிவாயிரா. ஆதலால் பெரிய புழுவையே தேடிப் பிடிக்க வேண்டும்.

மற்றோர் உதாரணம் மாவுப்பூச்சியாகும். இதைத் தின்று அழிக்கும் கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டு 1898 ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இவ்வண்டின் புழுவும் வெண்மையான மெழுகிழைகளால் மூடப்பட்டிருப்பதால், பார்ப்பதற்கு மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். மருந்து தெளித்தால் பகைவனோடு நண்பனும் மடிவான். பக்கவாட்டில் நெருங்கி எடுத்த படத்தில் வித்தியாசம் புலப்படும். வண்டின் புழுவுக்கு மூன்று ஜோடிக் கால்கள் நன்கு தெரியும், இழைகள் நீண்டிருக்கும், உருவமும் பெரிது. மாவுப்பூச்சியின் குறுங்கால்கள் உடலின் கீழ் மறைந்திருக்கும்.

கருவிகள்

ஒவ்வொரு கைப்பேசிக் காமிராவுக்கும் ஓர் எல்லையுண்டு. அதனினும் நெருங்கினால் படம் மங்கிவிடும். சிலவற்றில் 'மாக்ரோ' என்னும் அமைப்பு இருக்கின்றது. அவற்றைக்கொண்டு சில சென்டிமீட்டர் தூரம் வரை நெருங்கலாம். அவ்வமைப்பு இல்லையேல், பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கை லென்ஸ் ஒன்றை வாங்கி, காமிராத் துவாரத்தின்மேல் அசையாமல் பொருத்திப் பிடிக்கலாம். அதைப் பூச்சியிலிருந்து ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் தூரத்தில் வைத்தால் உருவம் தெளியும். திரையில் விரல்களை விரித்துப் பெரிதாக்குவதால் மட்டும் நுட்பம் கூடாது. முன்பு பதிந்ததே பெரிதாகத் தோன்றும்.

லென்ஸைக் கழற்றக்கூடிய காமிரா வைத்திருப்போர், காமிராவுக்கும் லென்ஸுக்கும் இடையில் நீட்சி வளையங்களைப் பொருத்தலாம். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 25 மில்லிமீட்டர் வளையம் இட்டால் உருவம் பாதியளவிலும், 50 மில்லிமீட்டர் இட்டால் உள்ளபடி முழு அளவிலும் காமிராவின் உட்தகட்டில் விழும். முழு அளவில் விழுவதையே மாக்ரோ படம் என்பது வழக்கம்.

தெளிவு

நெருங்க நெருங்கத் தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போகும். 36 மில்லிமீட்டர் அகலமுள்ள உட்தகட்டில் முழு அளவுப் படம் எடுக்கும்போது, லென்ஸின் துவாரத்தை எட்டாம் எண்ணில் வைத்தாலும், ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழமே தெளிவாயிருக்கும். ஆகையால் அடையாளம் எந்தப் பாகத்தில் உள்ளதோ, அதற்குச் சமமாகக் காமிராவைப் பிடித்தல் வேண்டும். துவாரத்தைச் சிறிதாக்கினால் ஆழம் கூடும். ஆனால் வெளிச்சம் குறையும். முழு அளவுப் படத்தில் ஏற்கெனவே வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருக்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். கைப்பேசியின் உட்தகடு மிகச் சிறியதாகையால், இவ்விடையூறு அதில் குறைவு.

திரையில் பூச்சியின்மேல் விரலால் தொட்டுத் தெளிவை நிறுத்தியபின், கையை நீட்டாமல், உடலையே மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, தெளியும் கணத்தில் படமெடுக்க வேண்டும். ஒரே நிலையில் பத்துப் படங்கள் எடுத்தால் ஒன்றிரண்டு தேறும்.

வெளிச்சமும் காற்றும்

சூரியோதயத்திற்குப் பின் வெப்பம் ஏறுமுன்னரே படமெடுத்தல் நலம். அப்போது காற்று பெரும்பாலும் அடங்கியிருக்கும்; குளிர்ச்சியால் பூச்சிகளும் மந்தமாயிருக்கும். இடக்கையால் தண்டைப் பிடித்துக்கொண்டு, காமிராவைத் தாங்கும் வலக்கையை அதன்மேல் ஊன்றினால், பயிரும் காமிராவும் ஒன்றாகவே அசையும். வெயில் ஏறிவிட்டால் வெள்ளைத் துணியை நிழலாகப் பிடிக்கலாம். மாவுப்பூச்சி போன்ற வெண்ணிற உருவங்களுக்கு வெளிச்ச அளவைச் சிறிது குறைத்தல் வேண்டும். இல்லாவிடில் வெறும் வெள்ளைத் திட்டே பதியும்.

எடுக்க வேண்டிய படங்கள்

1. வயலில் சேதம் பரவியிருக்கும் தோற்றம்.
2. பாதிக்கப்பட்ட ஒரு செடி முழுவதும்.
3. சேதமடைந்த இலை, குருத்து அல்லது காய்.
4. பூச்சியின் முதுகு, பக்கம், தலை ஆகியவை தனித்தனியாக. அருகில் மில்லிமீட்டர் குறியுள்ள அளவுகோலை வைக்கவும்.

நெற்பயிரில் புகையானைத் தேடுவோர் மேலிருந்து இலைகளைப் படமெடுத்தால் பயனில்லை. அது நீர்மட்டத்திற்குச் சற்று மேலே, தூரின் அடியில் கூடியிருக்கும். ஆகையால் தூர்களை விலக்கிவிட்டு, காமிராவைத் தாழ்த்தியே எடுக்க வேண்டும்.

பழகுதலும் அனுப்புதலும்

முதலில் வீட்டில் நாணயத்தின் எழுத்துக்களையும் நெல்மணியையும் படமெடுத்துப் பழகுக. பின்பு அவரைக் கொடியின் நுனியில் அசையாமல் கூட்டமாக ஒட்டியிருக்கும் அசுவினியை எடுக்கலாம். ஓடும் பூச்சிகளைக் கடைசியாக வைத்துக்கொள்ளலாம்.

கைப்பேசியின் செய்தி வழியே சாதாரணமாக அனுப்பும் படம் சுருக்கப்பட்டு நுட்பம் இழந்துவிடுவதால், ஆவணமாகவே அனுப்புதல் நலம். அதனுடன் பயிர், ரகம், வயது, கிராமம், தேதி, முன்பு தெளித்த மருந்து ஆகியவற்றையும் எழுதுக. கிராம அதிகாரிகள் சேதப் படங்களைத் தேதியோடும் சர்வே எண்ணோடும் சேர்த்து வைத்தால், பின்னர் கணக்கெடுக்கும்போது அவை உதவும்.

படம் எல்லாவற்றையும் தீர்மானித்துவிடாது. மாவுப்பூச்சியின் ஜாதியை நிச்சயிக்கப் பூதக்கண்ணாடிக்கும் மேலாக மைக்ராஸ்கோப் தேவைப்படும். 2008 ஆம் ஆண்டில் கோயம்புத்தூரில் காணப்பட்ட பப்பாளி மாவுப்பூச்சியை இன்னதென்று சரியாக அறிந்தமையாலேயே, அதற்கேற்ற ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து 2010 இல் விடுவித்து, அதை அடக்க முடிந்தது. ஆகையால் சந்தேகமான பூச்சிகள் சிலவற்றை 70 சதவீத ஆல்கஹாலில் இட்டு வைத்து, கேட்கும்போது கொடுத்தல் வேண்டும்.

தெளிப்பானில் மருந்தை ஊற்றுமுன் படமெடுத்து, அருகிலுள்ள வேளாண்மை விரிவாக்க மையத்திற்கோ வேளாண் அறிவியல் நிலையத்திற்கோ அனுப்பி, பதில் கிடைத்த பின்னரே தொடங்குவதைக் குடியானவர்கள் வழக்கமாகக் கொள்வார்களாக.