எட்டாம் கட்டளையும் எமது அயலவரும்

பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்னும் எட்டாம் கட்டளையை ஞானோபதேச வகுப்பிலே நாம் எல்லோரும் மனனம் செய்திருக்கிறோம். சாட்சிக் கூண்டில் ஏறி நின்று பொய் சொல்வதைத்தான் அது தடுக்கிறது என்று எண்ணி, "நான் கோட்டுப் படியே மிதித்ததில்லை, இந்தக் கட்டளையில் எனக்கு ஒரு குறையுமில்லை" என்று திருப்தியடைந்து விடுகிறவர்கள் நம்மில் அநேகர். திருச்சபையின் போதனை அவ்வளவோடு நின்றுவிடவில்லை. போதிய ஆதாரமின்றி அயலவன் குற்றவாளி என்று மனத்துக்குள் முடிவு கட்டுவது அவசரத் தீர்ப்பு. மெய்யான குறையே ஆனாலும், தக்க காரணமின்றி அதை அறியாதவரிடம் எடுத்துச் சொல்வது புறங்கூறல். இல்லாததைச் சொல்லிப் பெயரைக் கெடுப்பது அவதூறு. 1992ஆம் ஆண்டு வெளியான கத்தோலிக்க திருச்சபையின் மறைக்கல்வி நூல் இம்மூன்றையும் எட்டாம் கட்டளையின் கீழேயே வைத்துப் பேசுகிறது. இவற்றுள் முதலாவதை வாய் திறவாமலே செய்து முடித்துவிடலாம் என்பதைக் கவனியுங்கள்.

அம்பாறைக் கரையோரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் வெறும் ஏட்டுப் பாடமல்ல. மருதமுனையில் பஸ் ஏறி நிந்தவூர் வரை போய்ப் பாருங்கள். பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். நாமோ இரு பெரும் சமூகங்களுக்கு நடுவே ஒரு கைப்பிடி. சொறிக்கல்முனைத் திருச்சிலுவை ஆலயத்துத் திருவிழாவுக்குப் போகிறவர்களும் முஸ்லிம்களின் வயலையும் கடைத்தெருவையும் கடந்துதான் போகிறார்கள். நாம் உடுக்கும் சாரம் மருதமுனைத் தறியில் நெய்தது. பிள்ளைக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவர் ஒரு முஸ்லிம் ஆசிரியர். காய்ச்சலுக்கு மருந்து எழுதுபவர் முஸ்லிம் வைத்தியர். நோன்பு மாதத்தில் பக்கத்து வீட்டு ராத்தா கஞ்சி அனுப்புகிறா. பாலன் பிறப்புக்கு நாம் பலகாரத் தட்டு அனுப்புகிறோம். தட்டைக் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திய பிறகு அந்த வீட்டைப் பற்றி நாம் என்ன பேசுகிறோம் என்பதே இங்கே கேள்வி.

ஆண்டவர் வாழ்ந்த நாட்டிலும் இப்படி ஓர் அயல் இருந்தது. யூதருக்கும் சமாரியருக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் இல்லை. ஒரே பிதாப்பிதாக்களைச் சொல்லிக்கொண்டே ஒருவரை ஒருவர் வெறுத்தார்கள். "என் அயலான் யார்?" என்று சட்ட அறிஞன் கேட்டபோது, இயேசு கதையின் நல்லவனாக ஒரு சமாரியனையே கொண்டுவந்து நிறுத்தினார். கேட்டவனுக்குச் "சமாரியன்" என்ற சொல்லை வாயால் சொல்லவே மனம் வரவில்லை. இரக்கம் காட்டியவன் என்று சுற்றி வளைத்துப் பதில் சொன்னான். லூக்கா 10ஆம் அதிகாரத்தை மறுபடி எடுத்து வாசியுங்கள். அந்த மழுப்பல் நமக்கும் பழக்கமானதுதான் அன்றோ? மேலும், ஆண்டவரை அவமதிக்க எண்ணியவர்கள் அவரையே சமாரியன் என்று ஏசியதாக யோவான் 8ஆம் அதிகாரம் கூறுகிறது. ஓர் இனத்தின் பெயரை வசைச்சொல்லாக்கி எறிந்தபோது அது மீட்பரின் மேலேயே போய் விழுந்தது. தொப்பியோடு சேர்த்து நம்மவர் சிலர் சொல்லும் ஏளனச் சொல் ஒன்று உண்டு. அச்சில் ஏற்றத் தகாத அந்தச் சொல்லைப் பிள்ளைகள் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை. வீட்டு விறாந்தையிலேதான் கற்றார்கள்.

ஒரு வார்த்தை என்ன செய்யும் என்பதற்கு நமது மாவட்டமே சாட்சி. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரிலே ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் சிங்கள வாடிக்கையாளர் ஒருவரின் கறியில் மாக்கட்டி போன்ற ஒன்று அகப்பட்டது. பிள்ளைப்பேற்றைத் தடுக்கும் மாத்திரை அது என்று கூச்சல் எழுந்தது. காசு மேசையில் இருந்தவருக்கோ தமிழே மொழி. சிங்களம் சரிவரப் புரியாது. அடிக்கும் நிலையில் கூட்டம் சூழ்ந்து நின்று கேட்க, மாவைப் பற்றிக் கேட்கிறார்கள் என்று எண்ணி ஆமென்று சொல்லிவிட்டார். அந்தக் காட்சியைப் படம் பிடித்து முகநூலில் பரப்பினார்கள். அன்றிரவே கடைகள் தாக்கப்பட்டன, பள்ளிவாசல் உடைக்கப்பட்டது. சில நாட்களில் கண்டி, திகன பகுதிகளிலும் வேறொரு சம்பவத்தைத் தொடர்ந்து நெருப்பு மூண்டபோது, அம்பாறையில் பிறந்த அந்தப் பொய்யும் வாய்க்கு வாய் உலவிக்கொண்டிருந்தது. அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் சோதித்துப் பார்த்தபோது அது வெறும் மாக்கட்டி என்று கண்டார். அப்படி மனிதரை மலடாக்கும் மாத்திரை உலகில் எங்குமே இல்லை. 2018இல் தனது தளம் தவறாகப் பயன்பட்டதற்காக முகநூல் நிறுவனம் 2020 மே மாதத்தில் வருத்தம் தெரிவித்தது. பகிர்ந்த தனி மனிதர்களில் எத்தனை பேர் வருத்தம் தெரிவித்தார்கள்?

இதைப் பெரும்பான்மையினரின் குற்றமென்று ஒதுக்கிவிட்டு நாம் கை கழுவிக்கொள்ள முடியாது. அந்தச் செய்தி தமிழிலும் உலவியது. நம்பியவர்கள் நம்மிடையேயும் இருந்தார்கள். நம்ப விருப்பம் இருந்தபடியால் ஆதாரம் தேடவில்லை. அவசரத் தீர்ப்பு என்பது இதுவே: காது கேட்பதற்கு முன்னரே மனம் தீர்ப்பு எழுதி வைத்திருக்கும்.

அடுத்த வருடம் காயம் நமது உடலிலேயே விழுந்தது. 2019 ஏப்ரல் 21ஆம் திகதி உயிர்ப்புப் பெருவிழா. கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் ஆலயம், கட்டுவப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பின் விடுதிகள். மாண்டவர் தொகை 260க்கு மேல். சீயோனில் சிறுவர்கள் பலர். ஐந்து நாட்கள் கழித்து, 26ஆம் திகதி இரவு, சாய்ந்தமருதிலே ஒரு வீடு வெடித்தது. தாக்குதலின் தலைவனுடைய குடும்பத்தார் அங்கே பதுங்கியிருந்தனர். சிறுவர்கள் அறுவரும் அந்த வெடியிலேயே மாண்டனர். வாடகைக்கு வந்த அந்த அந்நியர்கள் மேல் சந்தேகங்கொண்டு, விசாரித்துப் பொலிசாருக்குத் தகவல் கொடுத்தவர்கள் யார்? சாய்ந்தமருது முஸ்லிம்களே. தாக்குதல்தாரிகளின் உடல்களைத் தாம் பொறுப்பேற்கப் போவதில்லை என்று அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமாவும் அறிவித்தது. மே 5ஆம் திகதி நீர்கொழும்புப் பகுதியிலே கலகம் தலைதூக்கியபோது, கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகை, முஸ்லிம்கள் எவர் மேலும் கை வைக்கலாகாது என்று தம் மக்களைக் கேட்டுக்கொண்டார். அடக்கச் சடங்குகளின் ஈரம் காய முன்னர், தம் மந்தையின் பெட்டிகளை எண்ணி முடித்தவர் அப்படிக் கேட்டார். அதைச் சுலபமான பேச்சு என்று யாரும் சொல்ல முடியாது.

அந்த நாட்களிலே நமது வீடுகளில் அதிகம் புழங்கிய சொல் "அவங்கள்". "அவங்கள் எல்லாரும் இப்படித்தான்." இந்த ஒரு வசனத்தை நிறுத்தி வைத்துச் சோதித்துப் பாருங்கள். அவங்கள் என்றால் யார்? கஞ்சி அனுப்பிய ராத்தாவா? கணித ஆசிரியரா? பொலிசுக்குச் செய்தி சொன்னவர்களா? "எல்லாரும்" என்று தொடங்கும் குற்றச்சாட்டை எந்த நீதிமன்றமும் ஏற்காது. செய்தவனின் பெயர் என்ன, நாள் என்ன, செயல் என்ன என்று கேட்கும். மனச்சான்று என்னும் நீதிமன்றம் அதைவிடக் குறைவாகக் கேட்கலாமா?

மனக்குறைகளே இல்லாதவர்கள் போல நாம் நடிக்க வேண்டும் என்பது இதன் பொருளல்ல. காணி, எல்லை, சந்தை, உத்தியோகம் என்று இந்தப் பகுதியில் மெய்யான பிணக்குகள் உண்டு. கல்முனை வடக்கு உப பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தக் கோரி 2019 யூன் மாதத்தில் உண்ணாவிரதம் நடந்ததையும், முஸ்லிம்கள் மறுப்புத் தெரிவித்து நின்றதையும் எல்லோரும் அறிவர். நீதி கேட்பது பாவமல்ல. ஒரு நிர்வாகத் தீர்மானம் தவறென்றால் அந்தத் தீர்மானத்தைச் சொல்லுங்கள். ஓர் அதிகாரி பக்கஞ்சாய்ந்தார் என்றால் ஆதாரத்தோடு மேலிடத்துக்கு எழுதுங்கள். பாரபட்சமில்லாமல் பேசுகிறவனுடைய முறைப்பாட்டுக்கு நிறையும் அதிகம். (கூட்டங்களில் உரத்துப் பேசுகிறவர்களை விட, கோப்பைத் திறந்து கடிதம் எழுதுகிறவர்களே காரியம் சாதிக்கிறார்கள் என்பதையும் நாம் கண்டிருக்கிறோம்.)

பழைய புண்களும் உண்டு. 1990 ஆகஸ்ட் மாதத்தை இந்தக் கரையில் எவரும் மறக்கவில்லை. 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுது நின்றவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். பின்னர் ஏறாவூர். அதே மாதம் வீரமுனையில் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டனர். 15ஆம் திகதி, மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளிலே, மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்பு நோக்கி ஸ்கூட்டரில் புறப்பட்டார். அவரும் உடன் வந்த இளைஞனும் வீடு வந்து சேரவில்லை. யார் செய்தார்கள் என்பது எந்த நீதிமன்றத்திலும் நிறுவப்படவில்லை. அந்த இரத்தக் கணக்கிலே தமிழன் கையில் முஸ்லிமின் இரத்தமும், முஸ்லிமின் கையில் தமிழன் இரத்தமும் இருக்கின்றன. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் சொல்வோமானால் நாம் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் மெய்யாக இருந்தும் சொன்ன கதை பொய்யாகிவிடும். வீரமுனையைச் சொல்கிற தகப்பன் அதே மூச்சில் காத்தான்குடியையும் சொல்லட்டும். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 ஒக்டோபர் 28ஆம் திகதி வெளியிட்ட ஏட்டிலே, கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கடந்தகாலப் பகைகளை விட்டு ஒருவரையொருவர் புரிந்துகொள்ள மனப்பூர்வமாக முயல வேண்டும் எனக் கேட்டது. முஸ்லிம்கள் மரியன்னையை மதிக்கிறார்கள் என்பதையும் அந்த ஏடு எடுத்துச் சொல்கிறது. குர்ஆனின் 19ஆம் அத்தியாயம் மர்யம் என்ற அவருடைய பெயரையே தாங்கி நிற்கிறது. செபமாலை சொல்லும் எத்தனை குடும்பங்களுக்கு இது தெரியும்?

திருப்பலியின் தொடக்கத்தில் பாவத்தை அறிக்கையிடும்போது சிந்தனை, சொல், செயல் என்ற மூன்றோடு கடமையில் தவறியதையும் சேர்த்தே சொல்கிறோம். நாலாவதை விரைவாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றில் இறந்தவர்களின் உடல்கள் அனைத்தையும் எரிக்க வேண்டும் என்று அரசாங்கம் விதித்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கம் செய்யலாம் என்று கூறியிருந்தும் அந்த விதி நீடித்தது. முஸ்லிம்களுக்கு மரித்தவரை மண்ணில் அடக்குவது மார்க்கக் கடமை. பிறந்து 20 நாட்களே ஆன ஒரு சிசுவும் பெற்றோர் சம்மதமின்றி எரிக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில்தான் அடக்கத்துக்கு அனுமதி கிடைத்தது; மார்ச் மாதம் முதல் ஓட்டமாவடியிலே அடக்கம் செய்தார்கள். 2024இல் அரசாங்கம் மன்னிப்புக் கோரியது. நவம்பர் 2ஆம் திகதி சேமக்காலைக்குப் போய் மெழுகுதிரி ஏற்றும் நமக்கு அந்த வேதனை விளங்காமற் போக நியாயமில்லை. அந்த ஒரு வருடத்தில் பக்கத்து வீட்டுக்காரரிடம் போய், "காக்கா, இது அநியாயம்" என்று ஒரு சொல் சொன்னோமா? சொன்னவர்கள் பாக்கியவான்கள். பொரளை மயானத்து வேலியிலே வெள்ளைத் துணி கட்டப் போனவர்களில் பல சமயத்தவரும் இருந்தனர். வாளாவிருந்தவர்கள் நாலாவது பகுதியை இனிக் கொஞ்சம் மெதுவாகச் சொல்லட்டும்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமானது. நம் வீட்டுப் பிள்ளை ஒன்று முஸ்லிம் குடும்பத்தில் மணமுடித்து மதம் மாறிப் போய்விட்டால் பெற்றோரின் துயரம் பெரிது. அந்தத் துயரத்தைப் பழிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் "செத்துப்போனாள்" என்று சொல்லி விடுகிற வீடுகளும் உண்டு. உயிரோடிருக்கும் மகளைச் செத்தவள் என்பதும் எட்டாம் கட்டளைக்கு விரோதமான பொய்யே. வாசலைத் திறந்து வைத்திருக்கும் தாயிடம் பேரப்பிள்ளை ஒருநாள் வரும்.

களவெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது, எடுத்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நமக்குப் படிப்பித்தார்கள். பெயரைக் கெடுத்தவனுக்கும் அதே சட்டம். கெடுத்த பெயரைக் கட்டி எழுப்பும் கடமை அவனுக்கு உண்டு. பழைய காலத்தில் இது கஷ்டம். சந்தையில் சொன்ன வார்த்தை எத்தனை ஊருக்குப் போனது என்று யார் கண்டது? இப்போது ஒரு வகையில் எளிது. வட்ஸ்அப்பில் எந்தக் குழுவுக்கு அனுப்பினோம், எத்தனை மணிக்கு அனுப்பினோம் என்பது தொலைபேசியிலேயே பதிந்திருக்கிறது. ஆகவே இந்த வாரம் ஒரு காரியம் செய்யலாம். இரவு செபமாலை முடிந்ததும், பிள்ளைகள் எழுந்து போக முன்னர், கடந்த மாதம் நாம் அனுப்பியவற்றைப் பின்னோக்கித் தள்ளிப் பாருங்கள். அயல் சமூகத்தைப் பற்றி உறுதிப்படாத ஒன்றை அனுப்பியிருந்தால், அழித்துவிட்டுச் சும்மா இராமல், அதே குழுவுக்கு இரண்டு வரி எழுதுங்கள்: "நான் இன்ன திகதி அனுப்பியது ஆதாரமற்றது. தயவுசெய்து யாரும் பகிர வேண்டாம்." எழுதும்போது பிள்ளைகளும் பக்கத்தில் இருக்கட்டும்.