பொய்யுரைக்கும் அலைகளும் ஏற்பிகளின் காப்பும்

செயற்கைக்கோள்களின் துணையால் இருப்பிடம் உணர்த்தும் கருவி கப்பலிலும் வானூர்தியிலும் மட்டுமன்றி, இன்று நம் சட்டைப் பையிலுள்ள கைபேசியிலும் குடிகொண்டுள்ளது. அதனை ஈண்டு 'ஏற்பி' என வழங்குவோம். ஏற்பி ஏமாற்றப்படுவது எங்ஙனம், அதனைக் காப்பது எங்ஙனம் என்பனவே நாம் ஆராய எடுத்துக்கொண்ட பொருள்.

ஜி.பி.எஸ். கோள்கள் ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. குறைந்தது நான்கு கோள்களின் அலைகள் வந்துசேரும் நேரத்தை அளந்தே ஏற்பி தன் இடத்தைக் கணிக்கிறது. அத்துணைத் தொலைவு கடந்து வரும் அலை மிக நலிந்தது. இயற்கை இரைச்சலினும் தாழ்ந்து ஒலிப்பது. எனவே அருகிலுள்ள சிறு கருவியொன்றே அதனை அமுக்கிவிடும். இதுவே ஜாமிங்; 'அலையடைப்பு' எனலாம். 2012-இல் அமெரிக்காவின் நியூவர்க் விமான நிலையத்தருகே, தன் வண்டி செல்லுமிடம் முதலாளிக்குத் தெரியாதிருக்க ஓட்டுநர் ஒருவர் வைத்திருந்த அடைப்பான், அங்கு நடைபெற்ற தரையிறக்கத் துணையமைப்பின் சோதனையைக் குலைத்தது. அவருக்கு விதிக்கப்பட்ட தண்டம் ஏறக்குறைய 32,000 டாலர்!

இதனினும் கொடியது ஸ்பூஃபிங் எனப்படும் 'போலியலை'. காது அடைபட்டவன் தனக்குக் கேளாமையை அறிவான். பொய் கேட்டவன் தான் ஏமாந்ததை அறியான். 2013-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகத்து டாட் ஹம்ஃப்ரீஸ் குழுவினர், உரிமையாளரின் இசைவுடன், மத்தியதரைக் கடலில் ஓர் உல்லாசக் கப்பலில் இதனைச் சோதித்தனர். போலியலையை முதலில் உண்மையலையோடு ஒத்திசைத்து, மெல்ல மெல்ல அதன் வலிமையைக் கூட்டினர். ஏற்பி போலியைப் பற்றிக்கொண்டது. கப்பல் வழிவிலகியதாகத் திரை காட்டவே, மாலுமிகள் திருத்தினர். அத்திருத்தமே கப்பலை வழிவிலக்கியது! திரையில் நேர்கோடு, கடலிலோ வளைந்த நுரைத்தடம். எச்சரிக்கை மணி ஒன்றும் ஒலிக்கவில்லை.

இப்பொய்யைக் காட்டிக்கொடுப்பது திசை. உண்மை அலைகள் வானத்தின் வெவ்வேறு மூலைகளிலிருந்து வருவன. போலியலைகள் யாவும் பெரும்பாலும் ஒரே கருவியிலிருந்து, ஒரே திசையில் வருவன. பல உறுப்புகள் கொண்ட ஆன்டெனா இவ்வேறுபாட்டை உணரும்; இரைச்சல் எழும் திசைக்கு மட்டும் செவிமூடவும் வல்லது. விலையும் பருமனும் மிகுதியாதலின் கைபேசிக்குள் இதனைப் புகுத்தல் அரிது. அலையின் வலிமை திடீரெனக் கூடுவதும் ஐயத்திற்குரியது. கப்பலின் வேகத்தையும் திருப்பத்தையும் தானே அளக்கும் உட்கருவியின் கணக்கோடு ஒப்பிடுதலும் பயன்தரும். அக்கணக்கு நாழிகை செல்லச் செல்லப் பிழைபடும் என்பதையும் மறத்தலாகாது.

ஐரோப்பாவின் கலீலியோ அமைப்பு 2025-இல் நடைமுறைப்படுத்திய முத்திரை முறை நயமானது. செய்தியும் முத்திரையும் முன்னே வரும். முத்திரையைச் சரிபார்க்கும் திறவுகோல் சற்றுப் பின்னரே வெளியாகும். அதற்குமுன் முத்திரையைப் போலிசெய்தல் எவர்க்கும் எளிதன்று. ஆயினும் உண்மையலையையே பிடித்துச் சற்றுத் தாமதித்து மறுபடி அனுப்புவாரை முத்திரை மட்டும் தடுத்துவிடாது. அலையடைப்பிற்கும் அது மருந்தன்று.

ஆதலின் செயற்கைக்கோள் சாராத மாற்றுவழி இன்றியமையாததாகிறது. 2024 ஏப்ரல் இறுதியில், அலைக்குறுக்கீட்டால் எஸ்தோனியாவின் தார்த்து நகரில் ஃபின்னேர் விமானங்கள் இறங்க இயலாது திரும்பின. அந்நிறுவனம் மே மாதம் முழுவதும் அங்குச் செல்வதை நிறுத்தியது. தரையிலுள்ள வானொலி நிலையங்களைக் கொண்டு இறங்கும் முறை அமைந்த பின்னரே, ஜூனில் விமானங்கள் மீண்டும் தார்த்து சென்றன.