எட்டுத் தங்க மீன், ஒரு கறுப்பு மீன்

“மீன் செத்துப்போனால், வீட்டுக்கு வந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது என்று அர்த்தம்.”

புதிதாக மீன் தொட்டி வைத்த வீடுகளில் இந்தப் பேச்சு பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே எழும். அதற்குக் காரணம் தண்ணீரில் இருக்கிறது. மீன் தன் கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அம்மோனியாதான். அதை நைட்ரைட்டாகவும், பிறகு அவ்வளவாகத் தீங்கு செய்யாத நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சிலும் கூழாங்கற்களிலும் பெருகுவதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மீன் வளர்ப்பவர்கள் இதைத் தொட்டி ‘சைக்கிள் ஆவது’ என்பார்கள். அதற்குக் காத்திராமல் முதல் நாளே தொட்டி நிறைய மீனை விட்டால் அம்மோனியா செவுளை அரிக்கும். நைட்ரைட், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனைக் கெடுக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது பசியால் அல்ல, மூச்சுத் திணறலால்.

செத்த மீனைப் பார்த்து அழும் குழந்தைக்கு யாரோ சொன்ன ஆறுதலாக இது தொடங்கியிருக்கலாம். ஆனால் காரணம் கண்டம்தான் என்று முடித்துவிட்டால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தண்ணீரில் புது மீனை விடுகிறோம். அதுவும் சாகிறது. இது எனக்குப் பொறுக்க முடியாததாக இருக்கிறது, ஏனென்றால் இந்தச் சாவுகளில் பெரும்பாலானவை தவிர்க்கக்கூடியவை.

“எட்டுத் தங்க மீனும் ஒரு கறுப்பு மீனும் விட்டால் அதிர்ஷ்டம்.”

இது சீனத்து ஃபெங் சுயி கணக்கு. நம் ஊரில் வாஸ்துவோடு கலந்துவிட்டது. நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆனால் அந்த ஒன்பது மீன்களும் எங்கே இருக்கப்போகின்றன? வரவேற்பறையில் வைக்கிற 2 அடித் தொட்டி, அதாவது 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம், விளிம்பு வரை நிரப்பினால்கூட சுமார் 56 லிட்டர்தான் கொள்ளும். கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக இன்னும் குறையும். கடையில் இரண்டு அங்குலத்தில் பார்க்கிற தங்க மீன், உருண்டை உடல் வகையாக இருந்தால் 15 சென்டிமீட்டரைத் தாண்டும். நீள உடல் வகை 25 சென்டிமீட்டருக்கு மேலும் போகும். பத்து ஆண்டுக்கு மேல் வாழக்கூடிய மீன் அது. நன்றாக வளர்ந்த ஒரு ஜோடிக்கே அந்தத் தொட்டி போதாது. வட்டக் கண்ணாடிக் கிண்ணத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

“தொட்டி அளவுக்குத்தான் மீன் வளரும்.”

சின்னத் தொட்டியில் மீன் சின்னதாகவே நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பார்த்தது சரி, அதற்குச் சொல்லும் காரணம்தான் தவறு. சேர்ந்துபோன கழிவும் நெருக்கடியும் வளர்ச்சியை முடக்குகின்றன. அப்படி முடங்கிய மீன் முழு ஆயுளும் வாழ்வது அரிது.

“ஒரு அங்குல மீனுக்கு நாலு லிட்டர் தண்ணீர். கணக்கு அவ்வளவுதான்.”

கப்பி, டெட்ரா போன்ற மெலிந்த சிறு மீன்களுக்கு இது ஓரளவு உதவும். பெரிய மீனுக்கு உதவாது. நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். ஒரே உடல்வாகு என்று வைத்துக்கொண்டால், பத்து அங்குல மீன் ஒன்று, ஒரு அங்குல மீன்கள் ஆயிரத்தின் எடை இருக்கும். அடி நீளம் வளரும் ஆஸ்கர் மீனை இந்தக் கணக்கை நம்பி 50 லிட்டரில் விட்டால், அது திரும்பக்கூட இடம் இருக்காது. வாங்கும்போது இருக்கிற நீளத்தை விடுங்கள்; வளர்ந்தால் எவ்வளவு என்று கடைக்காரரிடம் கேளுங்கள்.

எண்ணிக்கை தானாக ஏறும் மீன்களும் உண்டு. கப்பிப் பெண் மீன் மாதத்துக்கு ஒருமுறை குஞ்சு போடும். ஆணை எடுத்துவிட்டாலும் உடலில் சேமித்த விந்தணுவைக் கொண்டு சில மாதங்களுக்குத் தொடர்ந்து போடும். இடம் குறைவென்றால் ஆண் கப்பிகளை மட்டும் வாங்குவதே நல்லது. நிறமும் அவற்றுக்குத்தான் அதிகம்.

“தண்ணீர் பளிங்கு மாதிரி இருக்கிறது, பம்ப்பும் ஓடுகிறது. பிறகென்ன?”

அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. பளிங்குத் தண்ணீரிலும் மீன் சாகும். காரத்தன்மை கூடிய ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அதன் நஞ்சு இன்னும் கடுமை. வெப்பம் ஏறினாலும் அப்படியே. காற்றுப் பம்ப் தண்ணீரை அசைத்துப் பிராணவாயு சேர உதவும், கழிவை அகற்றாது. 20 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். அதனால் சித்திரை, வைகாசியில் மின்சாரம் நான்கு மணி நேரம் போனால், நெரிசலான தொட்டிதான் முதலில் பாதிக்கப்படும். அளவாக மீன் உள்ள தொட்டி தாங்கும்.

முழுத் தண்ணீரையும் கொட்டி, கல்லையும் ஃபில்டரையும் சோப்பு போட்டுக் கழுவுவது இன்னொரு தவறு. வாரக்கணக்கில் வளர்ந்த பாக்டீரியா ஒரே நாளில் போய், தொட்டி மறுபடி முதல் நாளுக்குத் திரும்பிவிடும். வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீரை எடுங்கள். பஞ்சை அந்தப் பழைய தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீர் ஊற்றுவதானால் ஆன்டி குளோரின் சொட்டுகளைக் கலந்து ஊற்றுங்கள்.

“எல்லாம் சாது மீன்கள்தான், சேர்த்தே விடலாம்.”

ஏஞ்சல் அழகாக, அமைதியாக நீந்தும். நன்கு வளர்ந்த பிறகு மூன்று சென்டிமீட்டர் நியான் டெட்ராவை விழுங்கும். அமேசான் பகுதியில் சிறு மீன்கள் அதன் உணவுதானே! டைகர் பார்ப் கூட்டமாக வாழும் மீன். இரண்டு மூன்றை மட்டும் விட்டால், ஏஞ்சலின் நீண்ட துடுப்பையும் கப்பியின் வாலையும் கடித்துக்கொண்டே இருக்கும். எட்டுக்கு மேல் விட்டால் சண்டை பெரும்பாலும் தங்களுக்குள்ளேயே முடியும். ஃபைட்டர் ஆண் இரண்டைச் சேர்க்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். அது பாட்டிலில் வாழப் பிறந்த மீன் அல்ல என்பதுதான் தெரிவதில்லை. மேலே வந்து காற்றைச் சுவாசிக்கும் உறுப்பு அதற்கு இருப்பதால் கொஞ்சத் தண்ணீரிலும் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும், அவ்வளவே.

சுபாவம் பொருந்தினாலும் தண்ணீர் பொருந்த வேண்டும். தங்க மீனுக்குக் குளிர்ந்த நீர் பிடிக்கும். ஏஞ்சலுக்கு வெதுவெதுப்பு வேண்டும். வீட்டுத் தண்ணீர் கடினமானது என்றால் மோலி, பிளாட்டி, கப்பி சுகமாக இருக்கும். நியான் டெட்ரா வாடும். சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடை கடையாக ஏறி இறங்குவதற்கு முன்னால், சொந்த வீட்டுத் தண்ணீரைச் சோதித்துப் பாருங்கள்.

“டேங்க் கிளீனர் ஒன்றை விட்டால் சுத்தம் செய்துவிடும்.”

அந்தப் பெயரில் விற்கிற சக்கர் மீன் பாசியைச் சுரண்டும். மற்ற மீன்களின் கழிவைத் தின்னாது. தானே ஏராளமாகக் கழிக்கும். விரல் நீளத்தில் வாங்குவது 40 சென்டிமீட்டர்வரை வளரும். அப்போது தொட்டி கொள்ளாமல், கொல்லவும் மனமில்லாமல், பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன் தமிழகத்து நீர்நிலைகளில் பரவியதற்கு இப்படி விடப்பட்டவையும் ஒரு காரணம். முள்துடுப்பால் மீனவரின் வலையைக் கிழிக்கிறது, கரையைக் குடைகிறது, வலையில் விழுந்தாலும் விலை போவதில்லை. வளர்ந்த சக்கரை வைத்திருப்பவர்கள் கடைக்காரரிடமோ பெரிய தொட்டி உள்ளவரிடமோ கொடுங்கள், ஏரியில் விடாதீர்கள். கண்ணாடியில் படியும் பாசிக்குச் சோப்பு படாத ஒரு துண்டுப் பஞ்சு போதும்.