கிடங்கு நிறைந்தால் குழந்தை வளர்ந்துவிடாது

“அரிசிதான் இலவசமாகத் தருகிறார்களே, இன்னும் எந்த வீட்டில் ஊட்டச்சத்துக் குறைவு? அதற்கென்று தனியாகக் கோடிகளைக் கொட்டுவது வீண்.” கல்யாண வீட்டிலும் ரயிலிலும் வாட்ஸ்அப் குழுவிலும் இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. திட்டம் வகுக்கக் கூடும் கூட்டங்களிலும் இதே பேச்சுதான். சொல்கிறவர்கள் படித்தவர்கள், தங்கள் தட்டில் பருப்பு, பொரியல், தயிர், முட்டை என்று எதுவும் குறையாமல் பார்த்துக்கொள்கிறவர்கள். ஏழை வீட்டுக்கு மட்டும் வெறும் அரிசி போதும் என்கிறார்கள். குழந்தைகளின் ஊட்டச்சத்தே என் துறை என்பதால், இதை இப்படியே விட்டுவிட எனக்கு மனமில்லை.

நம்பிக்கை: அரிசி கிடைத்துவிட்டால் ஊட்டச்சத்தும் கிடைத்துவிட்டது.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி முன்னுரிமைக் குடும்பங்களில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். நாளுக்கு வகுத்தால் சுமார் 165 கிராம் அரிசி. அதில் 580 கலோரியும் 12, 13 கிராம் புரதமும் இருக்கும். தீட்டிய அரிசியின் சொந்த இரும்புச்சத்தோ 1 மில்லிகிராம் அளவுதான். வளர்ந்த பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வரையறுத்திருக்கிறது.

“செறிவூட்டிய அரிசி இருக்கிறதே” என்று அடுத்த கேள்வி வரும். கிலோவுக்கு 28 முதல் 42.5 மில்லிகிராம் இரும்பு என்பதுதான் அதற்கு விதித்த அளவு. 165 கிராமுக்கு 5 முதல் 7 மில்லிகிராம் தேறும். தேவையில் அதிகபட்சம் கால் பங்கு. மீதி முக்கால் பங்குக்குக் கீரை, பயறு, முட்டை, மீன் என்று பல உணவுகள் தட்டுக்கு வந்தாக வேண்டும். புரதமும் அங்கிருந்துதான் வர வேண்டும்.

பெரியவர்கள் பாடே இப்படி என்றால், ஒரு வயதுக் குழந்தையை நினைத்துப் பாருங்கள். அதன் வயிறு சிறியது. சோற்றை அள்ளி அள்ளி ஊட்டிப் புரதக் குறையை ஈடுகட்ட முடியாது. ஒவ்வொரு கவளத்திலும் பருப்போ முட்டையோ, கொஞ்சம் எண்ணெயோ கீரையோ இருந்தாக வேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 6 முதல் 23 மாத வயதுக் குழந்தைகளில் போதுமான உணவு பெற்றவர்கள் 11.3 சதவீதம் பேர் மட்டுமே.

விளைவும் அதே கணக்கெடுப்பில் இருக்கிறது. ஐந்து வயதுக்கு உட்பட்டோரில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளில் இரத்தசோகை உள்ளவர்கள் 67.1 சதவீதம், முந்தைய கணக்கெடுப்பில் இது 58.6. இடைப்பட்ட காலத்தில் ரேஷன் அரிசி நின்றுபோகவில்லை. தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் உண்டு. 2011இலிருந்து 20 கிலோ வரை அரிசி விலையின்றியே வருகிறது. அந்தக் கணக்கெடுப்பில் இங்கும் நான்கில் ஒரு குழந்தை வளர்ச்சி குன்றியிருந்தது, 57.4 சதவீதக் குழந்தைகளுக்கு இரத்தசோகை இருந்தது. அரிசியால் மட்டுமே தீரும் சிக்கல் என்றால் இங்கே எப்போதோ தீர்ந்திருக்கும்.

“எங்கள் தெருவில் அப்படி ஒரு குழந்தையும் இல்லையே” என்பவர்கள் ஒருமுறை அங்கன்வாடியில் உட்கார்ந்து உயரம் எடுப்பதைப் பார்க்கட்டும். குழந்தையை அளவுப்பலகையில் படுக்கவைத்து, தலையை ஒரு முனையில் அம்மா பிடித்துக்கொள்ள, பணியாளர் முழங்காலை நீட்டி அழுத்தி, மறுமுனைப் பலகையைப் பாதத்தோடு சேர்த்து நகர்த்துவார். இரண்டு வயது நிறைந்த பெண் குழந்தை சுமார் 86 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 80க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியவள். அந்த ஆறு சென்டிமீட்டர் தெருவில் ஓடும் குழந்தையிடம் கண்ணுக்குத் தெரியாது. கன்னம் கொழுகொழுவென்று இருக்கும். வீட்டில் யாருக்கும் சந்தேகம்கூட வராது. கருவுற்ற நாளிலிருந்து இரண்டு வயது நிறையும் வரையான 1,000 நாள்களில் தவறவிட்டதைப் பிறகு முழுதாகப் பிடிப்பது மிகக் கடினம்.

இனி பணம் போகிற வழியைப் பார்ப்போம். 2025-26 மத்திய பட்ஜெட்டில் உணவு மானியத்துக்கு ஏறத்தாழ 2.03 லட்சம் கோடி ரூபாய். அங்கன்வாடி, போஷன் திட்டத்துக்கு 21,960 கோடி. பள்ளி மதிய உணவுக்கு 12,500 கோடி. தானியத்துக்கு ஒன்பது ரூபாய் போனால் அங்கன்வாடிக்கு ஒரு ரூபாய். அங்கன்வாடிக் குழந்தையின் ஒருநாள் துணை உணவுக்கான தொகையை 2017இல் 6 ரூபாயிலிருந்து 8 ரூபாயாக உயர்த்தினார்கள். 2022இல் திட்டத்துக்குப் புதிய நெறிமுறைகள் வந்தபோதும் அதே 8 ரூபாய்தான். ஒரு முட்டை வாங்கினால் மிச்சம் என்ன இருக்கும்? இதைப் பார்த்தா “கோடிகளைக் கொட்டுகிறார்கள்” என்கிறீர்கள்?

தானிய மானியத்தைக் குறையுங்கள் என்று நான் சொல்லவில்லை. அரிசி பசியை அடக்குகிறது. அதில் கை வைப்பது பாவம். அரிசியோடு திட்டம் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் தவறு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே, ரேஷனில் தரும் பொருள்களைப் படிப்படியாகப் பலவகையாக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஏட்டில் இருப்பதைக் கடைக்குக் கொண்டுவர முதலீடு வேண்டும்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை.

நம்பிக்கை: நம் குழந்தைகள் மரபிலேயே குட்டை.

உண்மை: உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அளவுகோலுக்கு பிரேசில், கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகியவற்றோடு இந்தியக் குழந்தைகளையும் அளந்தார்கள். தாய்ப்பாலும் நல்ல உணவும் நோயற்ற சூழலும் கிடைத்த குழந்தைகள் ஆறு நாடுகளிலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் வளர்ந்தார்கள். மரபின் மேல் பழி போடுவதை நிறுத்துங்கள்.

நம்பிக்கை: இலவச உணவு மக்களைச் சோம்பேறியாக்கும்; போட்ட பணம் திரும்பாது.

உண்மை: குவாதமாலாவில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களின் குழந்தைகளுக்குப் புரதம் நிறைந்த கஞ்சி கொடுத்தார்கள். மூன்று வயதுக்குள் அதைக் குடித்த ஆண்கள் வளர்ந்தபின் மணிக்கு ஈட்டிய கூலி சராசரியில் 46 சதவீதம் கூடுதல் என்று 2008இல் லான்செட் இதழில் ஆய்வு வந்தது. நம் நாட்டிலும் சான்று உண்டு. பள்ளியில் மதிய உணவு சாப்பிட்டு வளர்ந்த பெண்களின் பிள்ளைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைந்திருப்பதை 2021இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழ் வெளியிட்டது. காமராஜர் 1956இல் தொடங்கி, எம்.ஜி.ஆர். 1982இல் விரிவாக்கிய சத்துணவை வீண்செலவு என்றவர்களுக்கு இதுவே பதில்.

நம்பிக்கை: தாய்மாருக்கு விவரம் போதாது, அறிவுரை சொன்னால் போதும்.

உண்மை: முட்டையும் பருப்பும் நல்லது என்று தெரியாத தாயை நான் பார்த்ததே இல்லை. வாங்கக் காசில்லாதவரிடம் சுவரொட்டி காட்டுவதற்குப் பெயர் திட்டமல்ல.

என்னதான் செய்ய வேண்டும்? பருப்பையும் முட்டையையும் கொண்டுவாருங்கள். அரிசிக்கு இங்கே குறைவில்லை. ஜூலை முதல் தேதி மத்தியத் தொகுப்பில் இருக்க வேண்டிய அரிசி 135.4 லட்சம் டன். 2024இலும் 2025இலும் இருந்தது அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். 2024-25 எத்தனால் ஆண்டில் 52 லட்சம் டன் அரிசியை எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கினார்கள். அதே நாடு துவரைக்கு மொசாம்பிக்கையும் தான்சானியாவையும், உளுந்துக்கு மியான்மரையும் எதிர்பார்த்து நிற்கிறது. நெல்லும் கோதுமையும்போல் பயறும் உறுதியாகக் கொள்முதலாகும் என்றால் மானாவாரி உழவர் விதைப்பார். தமிழ்நாட்டு ரேஷனில் 2007 முதல் துவரம் பருப்பை மானிய விலையில் தருகிறார்கள். அங்கன்வாடியில் வாரம் மூன்று முட்டை தருகிறார்கள். ஒரு மாநிலத்தால் முடிந்ததை நாடு முழுவதற்குமான முதலீட்டுத் திட்டமாக ஏன் வகுக்கக் கூடாது? இங்கும் அந்த மூன்றை ஐந்தாக்கலாம்.

வாசகர்களே, அடுத்த கிராம சபைக்குப் போகும்போது மூன்று கேள்விகள் கேளுங்கள். நம் ஊரில் இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேருக்கு இந்த மாதம் உயரம் அளந்தீர்கள்? எத்தனை பேர் குன்றியிருக்கிறார்கள்? பதிலைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணை வைத்துப் பருப்புக்கும் முட்டைக்கும் பணம் கேளுங்கள். கிடங்கில் எத்தனை மூட்டை என்பதை அரசு எண்ணிக்கொள்ளட்டும். குழந்தை எத்தனை சென்டிமீட்டர் வளர்ந்தது என்பதை ஊர்தான் விடாமல் கேட்க வேண்டும்.